கலைப்பிரியாவைத் தேடும் போன்

“மறுபடியும் வந்துட்டான்!” என்று பல்லைக் கடித்தான் ராஜாமணி.

திண்டிவனத்தில் வேலை முடித்து, விழுப்புரத்து வீட்டு வாசலில் அப்போதுதான் பைக்கை நிறுத்தியிருந்தான். தன் போனில் பார்த்தால், அதற்குள் வீட்டு வைஃபையில் முன்பின் தெரியாத ஒரு போன் சேர்ந்திருந்தது. தினமும் இதே கதைதான். அவன் வந்தால் அதுவும் வருகிறது, அவன் கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடுகிறது. புருஷன் வீட்டில் இருக்கும்போதே வருகிறவனுக்கு எவ்வளவு கொழுப்பு!

“விக்கிரவாண்டியில டீ குடிச்சிட்டுத்தான வர்றீங்க? காபி வேணாம்ல?” என்றாள் மனைவி கலைப்பிரியா. எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ!

முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றினான். பிறகு ஆன்லைனில் தீப்பெட்டி அளவு சிப் போர்டு ஒன்றை வாங்கி, புரோகிராம் ஏற்றி, காற்றில் போகிற வைஃபை சமாசாரத்தையெல்லாம் பிடித்துப் பார்த்தான். உள்ளே நுழைய முடியாத அந்த போன், “கலைப்பிரியா, கலைப்பிரியா” என்று விடாமல் தேடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் வைஃபைக்கு ஆசையாக மனைவி பெயரை வைத்தவன் அவனேதான். இருந்தாலும் வயிறு எரிந்தது.

எதிர்வீட்டு ரஞ்சித்தின் போனைப் பிடுங்கிச் சோதித்தான். அது இல்லை. தெருவே கூடிச் சிரித்ததுதான் மிச்சம்.

மறுநாள் போர்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். வழியில் கூட்டேரிப்பட்டில் நிறுத்திப் பார்த்தால், அங்கேயும் “கலைப்பிரியா!”

பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒரு மினி லாரி நின்றது. ராஜாமணி ஓடிப்போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தான்.

“எம் பொண்டாட்டிய உனக்கு எப்படிய்யா தெரியும்?”

“எம் பொண்டாட்டியே என்னைக் கண்டுக்க மாட்டேங்குறா. காலங்காத்தால பேஜாரு பண்ணாத, போய்யா!”

ராஜாமணி அப்படியே வீட்டுக்குத் திரும்பினான்.

“யாருடி அவன்? ஹைவே பூரா உம்பேரச் சொல்லிக்கினு என் பின்னாடியே வர்றான்!”

கலைப்பிரியா பையை எடுத்தாள். “புருஷன் பொண்டாட்டின்னா நம்பிக்கை வேணும். அது இல்லாத வூட்ல நான் இருக்க மாட்டேன். பிரம்மதேசத்துக்கே போறேன், எங்கம்மா வூட்டுக்கு!”

அவள் விறுவிறுவென்று பஸ் ஏறப் போனதும் அவனுக்குப் பகீரென்றது. நிஜமாகவே போய்விட்டால்? ஓடிப்போய் பைக்கை செல்ஃப் அடித்தான். சத்தமே இல்லை. தெருமுனை மெக்கானிக் பிரான்சிஸிடம் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

“போன மாசம்தான புது பேட்டரி போட்ட? அதுக்குள்ள எறங்கிடுச்சே! ஜல்தி பாருடா, அவ பஸ் ஏறிடுவா!”

பிரான்சிஸ் நிதானமாக சீட்டைக் கழற்றினான்.

“எறங்காம என்னண்ணே பண்ணும்? நீங்க எங்கெங்க போறீங்கன்னு பாக்கறதுக்கு அண்ணி இதுக்குள்ள ஒரு போன ஒளிச்சு வெக்கச் சொன்னாங்களே, அது ராத்திரி பகலா பேட்டரிய உறிஞ்சிக்கினு கெடக்குது!”