பழுது பார்த்துக்கொண்டே இருக்கும் காலம்

ஆங்கில இலக்கணம் மனித குலத்துக்கு அளித்த மாபெரும் கொடை எது என்று கேட்டால், எங்கள் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு எழுந்து நின்று பதில் சொல்லும்: 'ஹேவ் பீன்'.

அந்தக் கொடை எங்களுக்கு ஓர் அவமானத்தின் வழியாகக் கிடைத்தது. "உங்கள் தெருக் குழாயைச் சரிசெய்துவிட்டோம்" என்று நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத, அந்தத் தெருவே காலிக் குடங்களோடு வந்து நின்றது. மேலாளர் கொதித்தார், குழாய் உடைந்து கிடந்ததற்காக அல்ல, நான் இறந்தகாலத்தில் எழுதியதற்காக. உடனே ஓர் ஆங்கில வாத்தியார் வரவழைக்கப்பட்டார். கவுண்ட்டரில் "ஊழியர்கள் இலக்கணத்தில் உள்ளனர்" என்று பலகை தொங்க, மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு காலங்களையும் கற்றோம்.

கடைசி நாள் வாத்தியார் சொன்னார்: "ஒரு வேலை முன்னாடியே ஆரம்பிச்சு, இன்னும் முடியாம நடந்துக்கிட்டே இருந்தா 'ஹேவ் பீன்' போடணும்."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குன்னே தனியா ஒரு காலம் வச்சிருக்கானா! இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே!"

"ஆனா வேலை நிஜமா ஆரம்பிச்சிருக்கணும் சார்."

"புகார் வந்துடுச்சே. அதான் ஆரம்பம்."

புதிய காலத்தில் கடிதம் போனது. அதை எடுத்துக்கொண்டு அந்தத் தெருத் தையல்காரம்மா வந்தார். நாலு மாதமாக, படுத்த படுக்கையான மாமியாருக்கு மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் சுமப்பவர்.

"என்ன சார் எழுதியிருக்கீங்க?"

"சரி பண்ணிக்கிட்டே இருக்கோம்மா."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சா இந்த வாக்கியமே தப்பாயிடும்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சிரித்த முகத்தோடு வந்தார். "நாங்களே பிளம்பரக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டோம் சார். தண்ணி வருது. இனிமே நீங்க சிரமப்பட வேணாம்."

அலுவலகம் ஆடிப்போனது. எங்கள் தொடர்வினையை யாரோ முடித்துவிட்டார்கள்! மேலாளர் வாத்தியாருக்குப் போன் போட்டார்.

"செயப்பாட்டுவினையில எழுதிடுங்க சார். 'சரிசெய்யப்பட்டது'. யார் செஞ்சான்னு சொல்ல வேண்டியதில்ல."

அந்த ஒற்றைச் சொல் ஆண்டறிக்கையில் ஏறியது. தலைமையகம் "சிறந்த பிரிவு" என்று சான்றிதழ் அனுப்பியது. கண்ணாடி போட்டு மாட்டினோம்.

மாட்டிய கையோடு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அனுமதியில்லாம நம்ம குழாயில கை வச்சிருக்காங்க. அந்தம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் போடுங்க."

"எந்தக் காலத்துல சார்?"

"சாதா இறந்தகாலம். செஞ்சது யாருன்னு முதல் வார்த்தையிலேயே வரணும்."

நான் இலக்கண சுத்தமாக எழுதினேன்: "நீங்கள்தான் குழாயைச் சரிசெய்தீர்கள்."

அந்த வருஷம் எங்கள் அலுவலகம் எழுதியதில் பொய்யில்லாத வாக்கியம் அது ஒன்றுதான். அதற்குத்தான் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தோம்.