ஒன்றே கால் மீட்டர் ரிப்பன்

போலந்து நாட்டின் பாதுகாப்பு ஒன்றரை மீட்டர் ரிப்பனில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நம் ராணுவத்தைக் கொச்சைப்படுத்தும் பேச்சு. சரியான அளவு ஒன்றே கால் மீட்டர். அளவு, நிறம், முடிச்சு மூன்றுக்கும் அரசாணை இருக்கிறது.

ரிப்பனுக்கு முன்னால் துப்பாக்கியைச் சொல்லிவிட வேண்டும், மரியாதைக்காவது. ஜெலாஸ்னோ ஊர் ஆயுத ஆலை ஒன்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய அந்தத் துப்பாக்கியின் பெயர் ‘செங்கால் நாரை’. பெயர் சூட்டும் குழு மட்டும் பதினொரு தடவை கூடியது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கால், அப்படியே தேசியக் கொடி. வீட்டுக்கூரையில் வந்து கூடு கட்டினாலும் நம் ஆட்கள் யாரும் விரட்ட மாட்டார்கள். பெயர் இவ்வளவு லட்சணமாக அமைந்தபின், தோட்டா அடைத்த மேகசினைப் பிடித்து வைக்க வேண்டிய கொக்கியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. மேகசினை மாட்டினால் மாட்டிக்கொள்ளும். நாலு எட்டு நடந்தால் விழுந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த பாவி மல்வினா. ராணுவத்தின் சார்பில் ஆலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துப்பாக்கியாகச் சோதித்து, ‘ஏற்கப்பட்டது’ என்று முத்திரை குத்துவது அவள் வேலை. இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரே மகள் யாக்னா. வார நாளில் பல் டாக்டரிடம் உதவியாளர், சனி ஞாயிறில் தன்னார்வப் படை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, ராணுவ தினத்தன்று, அமைச்சர் முன்னிலையில் முதல் நாரைகளை ஏந்தப்போகும் பிரிவில் அவளும் இருந்தாள். அடுத்த வாரமே அந்தப் பிரிவு கிழக்கு எல்லைக்குக் காவலுக்குப் போகிறது. மல்வினா குத்தும் முத்திரை நேராக மகள் கையில் போய்ச் சேரும். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சோதனைக்கு வந்த முந்நூறு துப்பாக்கிகளையும் திருப்பி அனுப்பினாள்.

விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. ஆலை இயக்குநர் டோபோஷ் அவசரக் கூட்டம் கூட்டினார். பாலாடைக்கட்டி கேக் பரிமாறப்பட்டது. கூட்டத்தின் முதல் சாதனை, ‘விழுகிறது’ என்ற சொல்லை ஒழித்தது. ‘மேகசின் தற்காலிகமாகத் துப்பாக்கியை விட்டுப் பிரிகிறது’ என்று குறிப்பேட்டில் பதிந்ததும் எல்லோருக்கும் பாதி பாரம் இறங்கிவிட்டது. கொக்கியை மாற்ற நாலு மாதம் ஆகுமாம். அமைச்சரின் தேதியை மாற்றவே முடியாதாம். அப்போதுதான் விளம்பரப் பிரிவுத் தலைவர் வாயைத் திறந்தார். துப்பாக்கியை மேகசினோடு சேர்த்து வெள்ளை சிவப்பு ரிப்பனால் கட்டிவிட்டால் என்ன? தேசிய நிறத்தில் இருப்பதை அவிழ்த்துப் பார்க்கும் துணிச்சல் எந்தப் போலந்துக்காரனுக்கு வரும்? அறையில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

“கட்டியாச்சு, சரி. முப்பது குண்டு தீர்ந்துட்டா? அடுத்த மேகசின் மாட்டணும்னா ரிப்பனை அவுக்கணுமே சார்,” என்றாள் மல்வினா.

டோபோஷ் பெருந்தன்மையாகச் சிரித்தார். “முப்பது பத்தாதா மேடம்? அப்படி யாரோட சண்டை போடப் போறீங்க?”

“நான் போடல சார். எம் பொண்ணு போறா.”

“அப்ப உங்களுக்குப் பெருமையால்ல இருக்கணும்.”

மல்வினா தன் மேசைக்குத் திரும்பினாள். ஒரு நேர்மையான ஊழியர் கடைசியாகச் செய்யக்கூடியதைச் செய்தாள்: உண்மையை எழுதிக் கோப்பில் வைத்தாள். ‘ரிப்பன் சோதிக்கப்பட்டது. நன்றாகப் பிடிக்கிறது. ரிப்பன் இல்லாத நிலையில் துப்பாக்கி ஏற்கத்தக்கதல்ல.’ கீழே முத்திரை. படிக்கிறவர் யாராவது தூக்கிவாரிப்போட்டு நிறுத்திவிடுவார் என்று நம்பினாள். எட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் படிப்பார்கள் என்று இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் நம்பினாளே, அவளை என்ன சொல்ல.

விழா நாள் மாதா திருநாளும் என்பதால், மாதா கோயிலில் மூலிகைக் கொத்துகளை மந்திரித்து வாங்கிக்கொண்டு ஊரே மைதானத்துக்கு வந்தது. ராணுவ அண்டாவில் பட்டாணி சூப் கொதித்தது. ரிப்பன் கட்டிய நாரைகளும் அந்தக் கொத்துகளோடு சேர்ந்து மந்திரிக்கப்பட்டு வந்தவை போலத்தான் இருந்தன. அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் மூன்றாவதாக நின்ற யாக்னா, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.  மல்வினா கூட்டத்தைத் தடுத்த கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். அமைச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளின் துப்பாக்கியில் ரிப்பன் நுனியைப் பிடித்து இழுத்தாள். மேகசின், அமைச்சரின் ஷூ மேல், தற்காலிகமாகப் பிரிந்தது.

“இத யாரு சோதிச்சது?” என்றார் அமைச்சர்.

“நாந்தாங்க. எழுதியும் குடுத்திருக்கேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எட்டாவது உங்களோடது.”

விசாரணைக் குழு வரலாறு காணாத வேகத்தில் இரண்டே நாளில் முடிவு சொன்னது. துப்பாக்கி குற்றமற்றது. ரிப்பன் இல்லாமல் அது ஏற்கத்தக்கதல்ல என்று சோதனை அதிகாரியே சான்றளித்திருப்பதால், ரிப்பன் ஆயுதத்தின் பிரிக்க முடியாத உறுப்பு. அதைப் பிரித்தவர் அரசு ஆயுதத்தைச் சேதப்படுத்தியவர். மல்வினாவின் முத்திரையை வாங்கிக்கொண்டு, ஆலையில் புதிதாகத் தொடங்கிய ரிப்பன் வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒன்றே கால் மீட்டர் என்று அளந்து வெட்டுகிறவள் இப்போது அவள்தான்.

எல்லைக்குக் கிளம்பும் அன்று காலை யாக்னாவின் பையில் அம்மா கசகசா ரொட்டியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யாக்னா பிரிவுக்கு வந்த சுற்றறிக்கையை வாசித்தாள். ‘போர் உட்பட எக்காரணம் கொண்டும் ரிப்பனை அவிழ்க்கலாகாது. சண்டையை முப்பது குண்டுகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.’ அடியில் நகல் பெறுவோர் பட்டியல்: அமைச்சர், படைத்தலைமை, ஆலை, ரிப்பன் கடை, பங்குத்தந்தை.

அவள் அந்தப் பட்டியலை இரண்டு தரம் பார்த்தாள்.

“எல்லாருக்கும் நகல் போட்டிருக்காங்கம்மா,” என்றாள். “எதிரிக்கு மட்டும் விட்டுட்டாங்க.”