மேடம் கெண்டையும் கொளஞ்சியப்பர் பிராதும்

பிரான்சில் ஓர் ஏரிக்கரை,
17-6-2004, வியாழன்.

(நடராசன் அண்ணன் கவனத்துக்கு: இந்த ஃபேக்ஸ் எங்கள் மாமனார் பாலகிருஷ்ணனுக்கு. அவரைக் கடைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். படித்தாலும் டீக்கடையில் சொல்ல வேண்டாம்.)

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அத்தையும் உங்கள் மகனும் பேத்தி இலக்கியாவும் நானும் உங்கள் ஆசியால் நலம். உங்கள் முழங்கால் வலி, மாடு இரண்டு, சிவப்புக் கன்றுக்குட்டி அனைத்தின் நலமும் அறிய ஆவல். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன் மாமா, இனி விஷயத்துக்கு வருகிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் மணவாளநல்லூருக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், ராஜினாமா எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஏரிக்குச் சொந்தக்காரர் ஆபீசிலிருந்து அத்தை உங்களோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "எம்புள்ள கார்முகிலு இந்த வருசமே வூடு வந்து சேரணும்னு சீட்டுல எழுதி சாமி முன்னால கட்டிட்டு வாங்க, தொண்ணூறு நாள்ல நடந்துடும்" என்று அத்தை சொன்னதும், நீங்கள் "சரி, சரி" என்றதும் என் காதில் விழுந்தது. அத்தை சொன்ன வேலையை நீங்கள் மறுநாளுக்குத் தள்ளி நான் பார்த்ததில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள் மாமா. விருத்தாசலம் பக்கத்துக் கோயிலில் சீட்டுக் கட்டினால் பிரான்சில் விளைவு வரும் என்று நம்புகிறவள் இல்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து இங்கே நடப்பதையெல்லாம் பார்த்தால், சாமி விசாரணையை எடுத்துக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மகனின் இங்கிலாந்து வேலை அனுமதி இந்த முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதை இரண்டு வருஷம் நீட்டிக்கும் காகிதத்தில் அவருடைய முதலாளி ராபர்ட் கையெழுத்துப் போட வேண்டும். ராபர்ட்டுக்கு இங்கிலாந்தில் கப்பு, சாசர் செய்யும் செராமிக் கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் உயிரை வைத்திருப்பது கப்பில் இல்லை, கெண்டை மீனில். வருஷா வருஷம் இந்தத் தனியார் ஏரியை ஒரு வாரத்துக்கு எடுத்து, கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த வருஷம் "குடும்பத்தோடு வா" என்று உங்கள் மகனையும் கூப்பிட்டார். ஏரியில் இருபத்தேழு கிலோவில் ஒரு கெண்டை இருக்கிறது, அதற்குப் பெயர் மேடம். எட்டு வருஷமாக அவருக்கு மாட்டவில்லை. வரும் வழியில், "மேடத்தைப் பிடித்த ஈரக் கையாலேயே உன் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காகிதம் அவர் கார் கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் கவரில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிடித்த மீனை இங்கே யாரும் தின்பதில்லை மாமா. மெத்தையில் கிடத்தி, எடை போட்டு, தூண்டில் கீறிய உதட்டுக்கு மருந்து தடவி, போட்டோ எடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். இதைக் கேட்டதும் அத்தை, "ஆசுபத்திரி வெச்சி வைத்தியம் பாக்கறாங்க, பேரு வெச்சிக் கூப்புடறாங்க, யாரும் திங்கறது இல்ல, அப்பறம் அது சாமி மீனுதான! அதப் போயி எதுக்குடா தூண்டில் போட்டு இழுக்கறீங்க?" என்று உங்கள் மகனைக் கேட்டார். அவர் விளக்கம் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது, நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை இலக்கியா தூண்டில் இரையைத் தின்றுவிட்டாள். பார்க்க அச்சு அசல் சீடை, அதில் ஸ்ட்ராபெரி வாசனை வேறு, பிள்ளை என்ன செய்வாள்? நான் அலறிய அலறலில் ஏரிக்காரர் டாக்டருக்கே போன் போட்டார். டாக்டர், "அதைத் தின்று மீன் சாகவில்லை அல்லவா, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டார், நான்தான் ராத்திரி முழுக்க அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தேன். செவ்வாய்க்கிழமை அத்தை குளித்துவிட்டு வந்து, துவைத்த புடவையை ராபர்ட்டின் மூன்று தூண்டில் கம்பிலும் நீளமாகக் காயப்போட்டுவிட்டார். கம்பில் மீன் கடித்தால் அடிக்கும் அலாரம் உண்டு, மூன்றும் சேர்ந்து அலறின, எட்டு வருஷத்துக் கனவு பலித்துவிட்டது என்று ராபர்ட் அரை டிராயரோடு கூடாரத்திலிருந்து பாய்ந்து வந்து கம்பைச் சுண்டி இழுத்தால், எதிரில் அத்தையின் சுங்குடி! அத்தை கோபமாக, "தொர, கிழிச்சிடாதீங்க, நாத்தனா எடுத்துக் குடுத்தது" என்கிறார். ராபர்ட் அன்றைக்குச் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

ஏனென்றால் அதன்பிறகு ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை மாமா. மேடத்தை விடுங்கள், சின்ன மீன்கூட இல்லை. நீங்கள் நம் ஊர்ச் செராமிக் கம்பெனியில் இருந்த காலத்தில் சூளை திறக்கும் நாளன்று வீட்டில் யாரோடும் பேசமாட்டீர்கள் என்று அத்தை சொல்வார், ராபர்ட் அதைவிட மோசம். டீ கொடுத்தால் வாங்குவதில்லை, உங்கள் மகன் பேசினால் தண்ணீரையே பார்க்கிறார். நேற்று, "நீங்கள் வந்ததிலிருந்துதான் இப்படி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். உங்கள் மகன் முகம் சுண்ணாம்பாகப் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அத்தை தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு எங்கே போகிறார்? இன்று பின்னாலேயே போனேன். கிழக்கு மூலையில் கோரைக்குப் பின்னால் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்து, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பொரியை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருக்கிறார். ஸ்ரீமுஷ்ணம் போனால் குளத்து மீனுக்குப் பொரி போடாமல் பஸ் ஏறமாட்டாரே, அதே மாதிரி! ஏரியில் உள்ள அத்தனை கெண்டையும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வயிறு முட்டப் பொரி தின்ற மீன் சீடைக்கு எதற்கு வரும்?

"அத்தே, பொரி போடாதீங்க, அவரு தூண்டில்ல ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது."

"மாட்டலைன்னா நல்லதுதானம்மா?"

"அவரு கையெழுத்துப் போட்டாத்தான் உங்க புள்ளைக்கு வேல."

"அது வேற, இது வேற. பசிச்ச வாயில முள்ள வெக்கிறவன் கையெழுத்து நமக்கு என்னாத்துக்கு?"

இதை உங்கள் மகனிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே போய் ராபர்ட்டிடம் ஒப்புக்கொள்வார், அவருக்குப் பொய் வராது, அது உங்கள் வளர்ப்பு. மீன் மாட்டவில்லை என்றால் ராபர்ட்டுக்குக் கோபம், கோபம் என்றால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லை என்றால் உங்கள் மகன் இந்த வருஷமே வீட்டுக்கு. பிராதில் எழுதியது வரி தப்பாமல் நடக்கிறதா இல்லையா? அத்தைக்கே தெரியாமல் அத்தையை வைத்தே சாமி வேலையை முடிக்கிறார். ஊரில் உங்கள் மகனின் பழைய வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பி வந்து என்ன செய்வோம்?

சனிக்கிழமை காலி செய்கிறோம். நாளை ஒரு நாள்தான் பாக்கி. ஆகவே மாமா, இரண்டு உபகாரம். ஒன்று, பிராதைத் திரும்ப வாங்குங்கள். இரண்டு, நாளை வெள்ளிக்கிழமை அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்து, பொரி போட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம், ஏதோ கனவு கண்டதாகச் சொல்லுங்கள். இப்போது மணி இரவு ஒன்பதரை, இங்கே இன்னும் வெயில் அடிக்கிறது, எதிரே ராபர்ட் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். காலையில் ஆபீஸ் திறந்ததும் இதை அனுப்பிவிடுவேன்.

மாட்டுக்குத் தவிடு குறைக்காதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள். உங்கள் கால் தொட்டு வணங்கும்,
மருமகள் பூங்கோதை.

பி.கு.: வெள்ளி காலை ஏழேகால். மாமா, மேலே உள்ளது எதையும் செய்ய வேண்டாம். விடிந்ததும் இலக்கியா ராபர்ட்டின் விரலைப் பிடித்து, "எல்லா மீனும் அப்பாயிகிட்டதான் இருக்குது" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் நைட்டியோடு ஓடினேன். கோரைக்கு நடுவில் ராபர்ட் நிற்கிறார், அத்தையின் காலடியில், நம் வீட்டு ஆட்டுக்கல் பருமனில், மேடம். அத்தை கொஞ்சமும் பயப்படவில்லை. "வாங்க தொர, ஒக்காருங்க" என்று அவர் கை நிறையப் பொரி கொடுத்தார். மேடம் வந்து அவர் உள்ளங்கையிலேயே தின்றது. எட்டு வருஷம் கழித்து அந்த மனிதர் தண்ணீரில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தூண்டிலை எடுக்க எழுந்திருக்கவே இல்லை. பிறகு நேரே காருக்குப் போய் ஈரக் கையாலேயே இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், காகிதத்தில் மீன் வழுவழுப்பு இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை மாமா. அடுத்த மாதம் ஊருக்குத் திரும்ப வேண்டிய அத்தைக்கு விசாவை நீட்டித்து, மாதம் ஒருமுறை இங்கே கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். "இதுங்கள வுட்டுட்டு எப்பிடிம்மா வர்றது? மாட்ட உங்க மாமா பாத்துக்குவாரு" என்று அத்தையும் ஒத்துக்கொண்டுவிட்டார். என் சமையல்கட்டில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதும் இப்போதே முடிவாகிவிட்டது.

அதனால் பிராதை ராஜினாமா செய்யாதீர்கள். "என் மகன்" என்று இருக்கும் இடத்தில் "என் மனைவி" என்று மட்டும் திருத்திக் கட்டிவிடுங்கள். தொண்ணூறு நாள் நான் பொறுத்துக்கொள்கிறேன்.