நெல்லிவாசல் என்றோர் அயல்நாடு

1987 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 11 நிமிடம். வெளியே தூறல். நான் முட்டாளானது அப்போதுதான். அதிலும் என் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதியை மழையும் தபால்காரரும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வானொலியில் தற்காலிக அறிவிப்பாளனாக ஐந்து மாதம் முடித்திருந்தேன். ஆறாவது மாதம் உண்டா இல்லையா என்பது நிலைய அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. அன்றைய நேயர் விருப்பத்தில் கடைசிப் பாட்டு. கையில் நனைந்த அஞ்சலட்டை. பாட்டின் பெயர் அழியாமல் தப்பியிருந்தது. முகவரியில் மிஞ்சியவை இரண்டே சொற்கள்: ‘காசியம்மாள், நெல்லிவாசல்நாடு.’

நான் நாகப்பட்டினத்துக்காரன். ஜவ்வாது மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தாலே ‘நாடு’ என்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? (ஒருவரும் சொல்லவில்லை.) நாடு என்று எழுதியிருந்தால் நாடுதானே!

“கடல் கடந்தும் ஒலிக்கிறது நம் நிலையம்!” என்று ஆரம்பித்து, அந்நிய மண்ணில் தமிழ் வளர்க்கும் காசியம்மாளை மூன்று நிமிடம் நாற்பது விநாடி வாழ்த்தினேன். பாக்கி இருபது விநாடி. பாடகி வாய் திறப்பதற்குள் ஏழேகால் செய்தி வந்து வெட்டிவிட்டது.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார்.

“ரெண்டு பஸ், ஒரு ஜீப்புய்யா உன் வெளிநாடு. டேப் எடுத்துட்டுப் போய் அந்தம்மா குரலைப் பதிவு பண்ணிட்டு வா. இல்லேன்னா அடுத்த மாசம் வராதே.”

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நடை. களத்தில் ஏழு பெண்களோடு புளி தட்டிக்கொண்டிருந்தார் காசியம்மாள்.

“ரேடியோக்காரரா? வாங்க சார். வெளிநாட்டுக்கு வந்துகிறீங்களே, பாஸ்போட்டு கீதா?”

ஏழு பேரும் சிரித்தார்கள்.

“அட்ரஸ் அழிஞ்சிருந்ததும்மா.”

“அழிஞ்சா இன்னா? பாட்ட போட வேண்டிதுதானே! மூணு மாசமா காத்துக்கெடந்து நாலு பேட்டரி கட்ட தீந்துபோச்சு. பாட்டு வர்ற அன்னிக்கு நீங்களே பேசிட்டு போய்ட்டீங்க.”

மைக்கை நீட்டினேன். அவர் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

“கட்ட வாங்கியாந்து குடுங்க. அப்பால பேசறேன்.”

என் டேப்பில் இருந்ததும் அதே கட்டைதான். கழற்றிக் கொடுத்தால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் வேலை இல்லை. ஆகவே ஜீப் நிற்கும் இடத்துக் கடைக்கு நான்கு கிலோமீட்டர் இறங்கி, மறுபடி நான்கு கிலோமீட்டர் ஏறினேன். (அறிவிப்பாளர் வேலைக்குத் தொண்டை போதும் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது.)

கட்டையை ரேடியோவில் போட்டுப் பார்த்த பிறகே காசியம்மாள் மைக்கைப் பிடித்தார்.

“வெளிநாட்லேந்து காசியம்மா பேசறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அந்த அறிவிப்பு சாரை மட்டும் கொஞ்சம் கம்மியா பேசச் சொல்லுங்க.”

அதிகாரி அதை ஒரு வார்த்தை வெட்டாமல் இரண்டு முறை ஒலிபரப்பினார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இருபத்தொன்பது வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். விமானத்தில் கால் வைத்ததில்லை. ஆனாலும் உறவினர் கல்யாணங்களில் இன்றுவரை நான் ‘ஃபாரின் மாமா’.

பஸ், ஜீப் செலவை நிலையம் தந்துவிட்டது. கட்டைக்கு மட்டும் ரசீது கேட்டார்கள். மலைமேல் பெட்டிக்கடையில் எவன் ரசீது தருவான்? நான்கு கட்டை, பத்து ரூபாய் நாற்பது பைசா. என் சொந்தக் காசு.