மஞ்சள் வேகனும் மெய்மைக் குழுவும்

நகரமன்றக் கண்காட்சியில் மாதிரி ரயில் வைக்க விரும்பும் எவரும், தமது சரக்கு ரயில் நிஜ ரயிலைப் போலவே இருக்கிறது என்று மெய்மைக் குழுவிடம் சான்று பெற்றாக வேண்டும். நிஜ ரயிலிடம் யாரும் அப்படியொரு சான்று கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தையல்காரர் விதிக்குக் கட்டுப்பட்ட மனுஷர். வெட்டுமேசையில் பாதி துணிக்கு, பாதி தண்டவாளத்துக்கு என்று காலம் தள்ளுபவர். அவருடைய ரயிலின் கடைசியில் ஒரு மஞ்சள் வேகன். "இதென்ன பைத்தியம்!" என்று வருஷக்கணக்காகத் தலையில் அடித்துக்கொண்ட மனைவி, ஒருநாள் மனசு இளகி வாங்கித் தந்தது. அது நாலு பேர் முன்னால் ஓட வேண்டும், அவள் அதைப் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

குழுவின் அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார்.

"மஞ்சள்ல எங்கய்யா சரக்கு வேகன் இருக்கு?"

"வீட்ல ஆசையா வாங்கிக் குடுத்தது சார்."

"விகிதாசாரத்துல ஆசைக்கு இடமில்லை. கழட்டுங்க. நம்ம லைன்ல நிலக்கரிதானே ஜாஸ்தி? எண்ணெய் டேங்கர் எதுக்கு இத்தனை?"

டேங்கர்கள் போய் நிலக்கரி வேகன்கள் வந்தன. அடுத்த முறை, பளபளப்பு ஆட்சேபத்துக்குரியது என்றார். தையல்காரர் துரு பூசினார். அதற்கடுத்த முறை, பாதி வேகன் எப்போதும் பட்டறையில்தானே கிடக்கும் என்றார். பாதியைக் கழற்றி ஓரங்கட்டினார்.

"மீதியில சரக்கு ஏத்தியிருக்கீங்க. ஏத்த ஆளுங்க வந்தாங்களா?"

தையல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நம்ம லைன்ல கடைசியா சரக்கு ரயில் எப்போ போச்சு?"

நுணலும் தன் வாயால் கெடும். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"சபாஷ்! போன மழைக்கு முன்னாடி. அப்போ ரயிலே கூடாது."

ஆக, வெறும் தண்டவாளமும் மூடிய லெவல் கிராசிங் கேட்டுமாகக் காட்சி அமைந்தது. முதல் பரிசும் அதற்கே. சனங்கள் மொய்த்தார்கள். "அச்சு அசல் நம்ம கேட்டுய்யா!" என்று பூரித்து, அந்தச் சாண் உயரக் கேட்டின் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் வாயாலேயே ஹாரன் அடித்தார்கள்.

"என் வேகன் எங்கங்க?" என்றாள் மனைவி.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் வேகனை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்து விரலால் தள்ளினார்.

"யோவ், எடுய்யா!" கூட்டம் கொதித்தது. "ரயில் வந்துட்டா கேட்டைத் திறக்கணுமே! அப்புறம் நாங்க யாரைத் திட்டுறது?"

மனைவி அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "இவங்க ரயிலுக்காகத்தான் காத்திருக்காங்கன்னு இத்தனை நாளும் நினைச்சேங்க."

வேகனைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று திரும்பினார் தையல்காரர். போக முடியவில்லை. யாரும் வழிவிடவில்லை. கேட் இன்னும் திறக்கவில்லையாம்.