கணவாய் வாங்கப் போன கார்

காதலைச் சொல்லப் போறவன் பஸ்ஸில போகவேணும். நடந்து போனாலும் பிழையில்லை. இரவல் காரில மட்டும் போகக்கூடாது. எட்டு மாதச் சம்பளம் கட்டி நான் படிச்ச படிப்பு இது. உங்களுக்குச் சும்மா தாறன்.

அப்ப எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தடியில ஒரு கந்தோரில கிளாக்கர் வேலை. சமாதானம் முடிஞ்சும் முடியாமலும் கிடந்த காலம். எங்கையாவது ஒரு சத்தம் கேட்டால் கடைக்காரர் கதவை அரைவாசி இழுத்துப்போட்டு, மிச்ச அரைவாசிக்குள்ளால யாவாரம் பாப்பினம்.

பவானி, பாலையூற்றில எங்கட அக்கா வீட்டுக்குப் பக்கத்து வளவு. குச்சவெளிப் பள்ளிக்கூடத்தில ரீச்சர். கிழமை நாளில அங்கேயே ஒரு அறையில தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில வீட்டை வருவா. அந்த நேரம் பாத்து, ஒரு சிநேகிதனைக் கூப்பிட வந்தனான் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு நானும் பஸ் ஸ்ராண்டில நிப்பன்.

"இண்டைக்கும் உங்கட சிநேகிதன் வரேல்லையோ?" எண்டு கேப்பா.

"வரேல்லை."

"பாவம்" எண்டு சிரிச்சுக்கொண்டு போவா. (யாருக்குப் பாவம் எண்டு சொன்னதில்லை.) அந்தச் சிநேகிதன் ரெண்டு வருஷமா பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு அவவின்ர அண்ணன் கனடாவில இருந்து கூப்பிட, விசாவும் வந்திட்டுது. ஒரு சனிக்கிழமை காலமை அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னா: "பவானி இண்டைக்குக் குச்சவெளி அறையைக் காலி செய்துபோட்டு மத்தியானம் வருவாள். பின்னேரம் கொழும்புக்கு வான் பிடிச்சிருக்கு."

இண்டைக்கு விட்டால் இனி இல்லை எண்டு தேத்தண்ணியை வச்சிட்டு எழும்பினன். பஸ்ஸுக்குள்ள எவ்வளவு காது! பெட்டி படுக்கையைத் தூக்க உதவி செய்யிற மாதிரிக் காரோட போய் நிண்டு, வரேக்க சொல்லிப்போடவேணும். "ஓம்" எண்டால் எவ்வளவு காலமெண்டாலும் இருப்பன். "இல்லை" எண்டால் பெட்டியாவது வீடு வந்து சேரும்.

கார் அத்தான்ர. ஜப்பான் றீகண்டிஷன். அக்காவுக்கு ஒரு நாளும் குடை பிடிக்காத மனுசன், அந்தக் காருக்கு வெயில் படக்கூடாதெண்டு தறப்பாள் கட்டி வச்சிருந்தார்.

"எதுக்குக் கார்?"

"குச்சவெளிக்குக் கணவாய் மீன் வாங்க, அத்தான்."

"கணவாய்க்குக் காரோ?"

"கந்தோரில பார்ட்டி. கனக்க வேணும்."

"கார் மணக்குமடா!"

"ஐஸ் பெட்டியில போட்டு டிக்கியில வைக்கிறன்."

கார்த் திறப்பைத் தந்தார். பெற்றோல் தரேல்லை. முள்ளு அடியில படுத்துக் கிடந்தது. பெற்றோல் செற்றில நிண்ட கியூ அடுத்த சந்தியைத் தாண்டியிருந்தது. நானோ வெள்ளைக் காற்சட்டை, புதுச் சேட்டு, காலைக் கடிக்கிற புதுச் சப்பாத்து. மாப்பிளை கியூவில நிக்கலாமோ?

அப்பதான் எனக்கு மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாள் எல்லாம் இப்பிடித்தான் முடிஞ்சிருக்கு.) சண்டைக்காலத்தில பெற்றோல் இல்லாமல், பழைய ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில ஓட்டின சனம் நாங்கள். தொடக்க ஒரு சொட்டுப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். ஒஸ்ரின் ஓடுமெண்டால் ஜப்பான் கார் ஓடாதோ? கடையில வாங்கி, போத்தல் போத்தலா ஊத்தினன்.

ஓடிச்சுது. நிலாவெளி வரைக்கும் இருமி இருமி ஓடிச்சுது. பிறகு பின்னால பாத்தால் றோட்டைக் காணேல்லை, வெள்ளைப் புகைதான். ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திப் போகேக்க, "தம்பி, அடுப்போ கொண்டு போறீர்?" எண்டு கேட்டார்.

கார் நிக்க அந்தக் கரையோரத்தில எவ்வளவு இடம்! அது செக் பொயின்ற்றுக்கு நேர முன்னால போய் நிண்டுது.

ஆமிக்காரர் துவக்கோட சுத்தி வந்தினம். ஒராள் குனிஞ்சு பாத்துப்போட்டுத் துள்ளிப் பின்னுக்குப் போனார். காருக்குக் கீழ ஒரு இரும்புப் பெட்டி. நல்லாச் சிவந்து போய்க் கிடந்தது. அதோட சத்தமும் போட்டுது: டிக்... டிக்... டிக்...

"அது என்ன பெட்டி?" எண்டு மண்மூட்டைக்குப் பின்னால இருந்து ஆமிப் பெரியவர் கேட்டார்.

"தெரியாது சேர்."

"உன்ட கார்தானே?"

"இல்லை சேர். அத்தான்ர."

"எங்க போறது?"

"கணவாய் வாங்க."

(கந்தகம் வாங்க எண்டு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பினம் போல.)

"நீ போ. கீழ போய்ப் பார்."

நான் போனனான். வெள்ளைக் காற்சட்டையோட மல்லாக்கப் படுத்து, இடுப்பளவு காருக்குக் கீழ. கால் ரெண்டும் வெளியில. மூக்குக்கு நேர அந்தப் பெட்டி. செத்தால் இதாலதான் எண்டு நினைச்சன். அதைவிட, நேரம் போகுதே எண்டுதான் கூடக் கவலை.

அப்ப எதிர்ப்பக்கத்தால பஸ் வந்து நிண்டுது. எல்லாரும் இறங்கி, ஐடென்ரி காட்டையும் காட்டி, அந்தப் பக்கம் நடந்து போய்த் திரும்ப ஏறவேணும். எனக்குச் சனம் தெரியேல்லை. கால்தான் தெரிஞ்சுது. பாட்டாச் செருப்பு, வெறுங்கால், பள்ளிக்கூடச் சப்பாத்து... பிறகு ஒரு மண்ணிறச் செருப்பு. வலது வாரை மட்டும் கறுப்பு நூலால தைச்சது. ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமையில முகத்தைப் பாக்க வெக்கப்பட்டு நான் பாத்துக்கொண்டு நிண்ட செருப்பு.

என்ர சப்பாத்தடியில வந்து, அது நிண்டுது.

"பவானி" எண்டு ஒரு சொல்லு. என்ர வாயெல்லாம் கரி. கூப்பிட்டால் குனிஞ்சு பாப்பா. இந்தக் கோலத்தையோ கனடாவுக்குக் கொண்டு போறது? முகத்தைத் துடைச்சுப்போட்டுக் கூப்பிடுவம் எண்டு சேட்டு நுனியைத் தேடினன். செருப்பு போயிட்டுது. பஸ் போயிட்டுது. பெட்டியும் ஆறி, டிக் டிக்கை நிப்பாட்டிப் போட்டுது.

காரை ட்ரக்டரில கட்டி இழுத்துக் கொண்டு வர, பக்கத்து வளவில நிண்ட வானும் போயிட்டுது. படலை சாத்தியிருந்தது.

"இதுக்குப் பேர் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர்" எண்டார் கராஜ்கார நானா. "புகையைச் சுத்தமாக்கிற சாமான். உள்ளுக்குத் தங்கத்தைவிட விலையான ஒரு உலோகம் பூசியிருக்கு. மண்ணெண்ணெய் ஊத்தி அதை உருக்கிப்போட்டீங்க." விலையைச் சொன்னார். நான் கதிரையில குந்திட்டன். வெட்டி எறிஞ்சுபோட்டு ஒரு குழாயை ஒட்டுவம் எண்டும் சொன்னார், நல்ல மனுசன். அத்தான்தான் விடேல்லை. "ஜப்பான்காரன் வச்சது அப்பிடியே வரவேணும்."

எட்டு மாதச் சம்பளம் அப்பிடியே போச்சுது. கனடாவுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுக்கவும் கையில மிஞ்சேல்லை. கடனை முடிச்ச மாதம் அக்காவுக்கு ஒரு தபால் வந்தது. பவானியின்ர கல்யாணப் படம். நல்ல வடிவான படம்.

இண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில கணவாய்க்கறி எண்டால், அத்தான் கோப்பையைப் பாத்துக் கேப்பார்: "மச்சான், இது கிலோ என்ன விலை? எட்டு மாதமோ?" பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

போன வருஷம் அப்பிடி ஒரு ஞாயிறு, பவானி கோல் எடுத்தா. அக்கா ஸ்பீக்கரில போட்டா.

"அக்கா, இஞ்ச ராத்திரி வாசலில விட்ட காரில இருந்து என்னவோ கொன்வேர்ட்டராம், கள்ளர் அறுத்துக்கொண்டு போயிட்டாங்கள். புதுசு போட அநியாய விலை சொல்லுறாங்கள்."

"அதின்ர விலையை இஞ்ச இருக்கிற என்ர மச்சானிட்டக் கேள்!" எண்டு அத்தான் தொடங்கி, கணவாய்க் கதையை முழுக்கச் சொன்னார். மண்ணெண்ணெய், புகை, டிக் டிக், குச்சவெளி றோட்டுச் செக் பொயின்ற், காருக்குக் கீழ நான். எல்லாரும் சிரிச்சு முடிச்சினம்.

"விலைச் சீட்டுக் கழட்டாத புதுச் சப்பாத்தோடயோ," எண்டா பவானி மெல்லமா, "கணவாய் வாங்கப் போனனீங்கள்?"

வீடே இன்னொருக்காச் சிரிச்சுது. அந்தச் சீட்டைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அண்டைக்கு இரவு சப்பாத்தைக் கழட்டேக்கதான் அதின்ர அடியில நானே கண்டனான்.

"ஓம்" எண்டன்.

இப்ப அத்தான்ர கதையில சப்பாத்தும் சேர்ந்திட்டுது. அந்த இடம் வர எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிப்பன், கொஞ்சம் பிந்தி.