டைரக்டர் எழுந்தருளினார்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. ரதீஷு, அந்தப் போனைக் கவுத்து வை. ஒச்சம்மா அக்கா, அடுப்புல வேகற கப்பைக்கிழங்கு எங்கயும் ஓடிப் போகாது, வந்து உக்காரு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு எடுத்தாகணும். மஞ்சுஷா இந்தக் கடுதாசியில கையெழுத்துப் போடறதா, வேண்டாமா? என்ன நடந்துச்சுன்னே தெரியாம கொச்சங்காடி முழுக்க ஆளுக்கொண்ணு பேசுது. கூடப் போனவன் நான். ஆட்டோ ஓட்டினவனும் நான். நான் முடிக்கற வரைக்கும் சாயா உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்கலாம், வேற சத்தம் கூடாது.

மஞ்சுஷாவும் இங்கதான் இருக்கா, கடைசி பெஞ்சுல. அவ பேச மாட்டா. வாயைத் தொறந்தா காத்துதான் வரும், அதுவும் சாக்ஸபோனுக்குள்ள. அஞ்சு வருஷமா நம்ம பேண்டு செட்டுல வாசிக்கறா. உங்களுக்கே தெரியும், மாப்பிள்ளை மண்டப வாசல்ல காலை வெச்சா பேண்டு நிக்கணும். பாட்டு பாதியில இருந்தாலும் நிக்கணும். அஞ்சு வருஷத்துல ஒரு பாட்டைக்கூட முழுசா வாசிச்சதில்லை இந்தப் பொண்ணு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதல்லேருந்து கடைசி வரைக்கும் நாலு பேர் கேக்க வாசிக்கணும். அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசை.

அப்பத்தான் எறணாகுளத்துல ஒரு ரேடியோ நிலையம் அறிவிப்புப் போட்டுச்சு. இளம் இசைக்கலைஞர் மேம்பாட்டுத் திட்டம். சாஸ்திரீய சங்கீதம், ஜாஸ், ரெண்டே பிரிவு. எடுத்துக்கிட்டா ரெண்டு வருஷம் கைதூக்கி விடுவாங்களாம், முழுப் பாட்டையும் பதிவு பண்ணி ஊருக்கெல்லாம் போடுவாங்களாம். முழுப் பாட்டுன்னு படிச்சதும் விண்ணப்பம் போட்டுட்டா. எந்தப் பிரிவுன்னு கேட்ட கட்டத்துல தெரியலைன்னு எழுதிட்டா. அதனால ரெண்டு பிரிவு நடுவரும் வந்து உக்காந்துட்டாங்க.

நடுவுல அதிகாரி பாக்கியலக்ஷ்மி மேடம். அவங்க வாயில மேற்படி வராத பேச்சே கிடையாது. என்னையே மேற்படி ஆட்டோ ஓட்டுநர்னுதான் கூப்பிட்டாங்க. இந்தப் பக்கம் வெங்கிட்டு சார், சாஸ்திரீயம், பாலக்காட்டுக்காரர், கண்ணை மூடினபடியே உக்காந்திருந்தார். அந்தப் பக்கம் சுதீர், ஜாஸ். ஏசி ரூமுக்குள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி. காப்பியை ஆற வெச்சுத்தான் குடிப்பாராம்.

மேடம் புத்தகத்தைத் தொறந்து, "விதி நாலு. சாஸ்திரீயம்னா உக்காந்து வாசிக்கணும், ஜாஸ்னா நின்னு வாசிக்கணும்"னாங்க. பாய் விரிச்சாங்க. மஞ்சுஷா உக்காந்தா. சத்தம் வரலை. நின்னா. அதுக்கும் வரலை. நான்தான் குறுக்க போயி, மேடம், இவ ஊர்வலத்துல நடந்து நடந்து கத்துக்கிட்டவ, கால் நின்னா காத்தும் நின்னுடும்னேன். நடக்கறதுக்கு விதியில இடமே இல்லைன்னுட்டாங்க.

சுதீருக்கு சந்தோஷம் தாங்கலை. யூரோப்புல இப்ப இதான் சேட்டா பேஷன், அங்க வாசிக்கறவன் கேக்கறவனை விட்டுட்டு நடந்து போயிடுவான்னார். வெங்கிட்டு சார் அப்பத்தான் ஒரு கண்ணைத் தொறந்தார்.

"சாஸ்திரீயத்துலயும் நடந்துண்டு வாசிக்கறது உண்டாக்கும். ஆனா பின்னாடி சுவாமி எழுந்தருளணும். இங்கே சுவாமி எங்கே?"

மேடம் பைல்ல எழுதினாங்க. சுவாமி: இல்லை. கொஞ்சம் யோசிச்சுட்டு, "சுவாமிக்குப் பதிலா அதிகாரி யாராவது இருந்தா செல்லுமா?"ன்னு கேட்டாங்க.

"கெஸட்டட் ஆபீஸர்னா போறும்."

அந்த ஆபீஸ்ல கெஸட்டட் ஒருத்தர்தான், டைரக்டர். அவர் நாற்காலிக்கு சக்கரம் வேற இருந்துச்சு. அப்படியே உருட்டிட்டு வந்தோம். குடை பிடிச்சது பியூன் முத்துவேல். தள்ளினது யாரு? நானேதான். ஸ்டூடியோ வாசல்லேருந்து வராந்தா வழியா, கேண்டீனைச் சுத்தி, டைரக்டர் ரூம் வரைக்கும் ஊர்வலம். மஞ்சுஷா முன்னாடி வாசிச்சுட்டே போறா.

முதல் திருப்பத்துல டைரக்டர் முறைச்சுட்டுத்தான் இருந்தார். ரெண்டாவது திருப்பத்துல கிளார்க்குங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, அவர் மூஞ்சி கொஞ்சம் இளகுச்சு. கேண்டீன் லோகாம்பாள் நேந்திரம்பழத்தை மாவுல முக்கிப் பொரிச்ச பழம்பொரித் தட்டோட ஓடி வந்து நீட்டுச்சு. அங்க தூக்கினார் பாருங்க கையை, இப்படி, உள்ளங்கை வெளியே தெரியற மாதிரி. நாலு வருஷமா லீவு பாஸாகாத ஒருத்தன் பேப்பரோட குறுக்க விழுந்தான். அங்கயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தாளு அழுதுட்டான்.

ரூம் வாசல் வந்ததும் வெங்கிட்டு சார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். சுவாமி உள்ளே போயாச்சாம், இனி வாத்தியம் கூடாதாம். மஞ்சுஷா பாவம், வாயிலேருந்து எடுக்க மனசில்லாம எடுத்தா.

சரி, பதிவாயிருக்கேன்னு நினைச்சேன். போய்க் கேட்டா, மைக்கு ஸ்டூடியோவுக்குள்ளயே இருந்திருக்கு. யாருக்கும் அதை எடுக்கணும்னு தோணலை. நாப்பது நிமிஷம் காலி ரூமைப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. பேன் சுத்தற சத்தம், எங்கயோ ஒரு கதவு சாத்தற சத்தம். நான் தலையில கை வெச்சேன். அந்தக் காலி ரூம் சத்தத்தைக் கேட்டு சுதீர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். இந்தத் தலைமுறையில இப்படி ஒரு ஜாஸை அவர் கேட்டதே இல்லையாம்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தக் கடுதாசி. ரதீஷ் படிச்சான், நான் சொல்றேன். மேற்படி விண்ணப்பதாரர் ரெண்டு பிரிவுலயும் ஒருமனதா தேர்வு. காலி ரூம் பதிவு வர்ற வியாழக்கிழமை அவ பேர்ல ஒலிபரப்பாகும். ரெண்டு வருஷத்துக்கு, வேலை நாள்ல காலை பத்து மணிக்கு, கேட்டுலேருந்து ரூம் வரைக்கும் டைரக்டருக்கு முன்னாடி நடந்து வாசிக்கணும். முழுப் பாட்டுப் பதிவு பின்னர் பரிசீலிக்கப்படும்.

இப்பச் சொல்லுங்க. ரதீஷ் என்ன சொல்றான், ஆபீஸ் வேலை மாதிரி, கண்ணை மூடிட்டுப் போடுங்கறான். ஒச்சம்மா அக்காவுக்கு அந்த டைரக்டரையே மக கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேக்கணுமாம். என்ன, இன்னொரு தடவை டைரக்டர் மாதிரி செய்யணுமா? அந்த ஸ்டூலைத் தள்ளு. கழுத்து இப்படி, கை இப்படி, பழம்பொரியைப் பாக்காத மாதிரி பாக்கற கண்ணு இப்படி. சிரிங்க, நல்லா சிரிங்க.

என்ன மஞ்சுஷா, எந்திரிச்சுட்டே? பேப்பரை எங்க எடுத்துட்டுப் போறே? ஏ, சும்மா இருங்கப்பா, அவ ஏதோ சொல்றா.

"டைரக்டரைப் பாத்து மட்டும் எதுக்கு மாமா சிரிக்கறீங்க? நான் என்ன பாட்டு வாசிச்சேன்னு இவ்வளவு நேரமா நீங்களும் சொல்லலை, இவங்க ஒருத்தரும் கேக்கவும் இல்லை."